கிடை மாற்றாதவள்

ஜாங்கிலுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அப்பா. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததில் மனுஷனுக்கு மனசு விட்டுப்போய், 'ஏதோ பிசகிவிட்டது' என்று பொருள் வரும் பெயரைக் குழந்தைக்குச் சூட்டிவிட்டுக் குதிரை மேய்க்கப் போய்விட்டார். தெரெக்-சூ பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பிசகுகள் வேறு சிலரும் உண்டு. அவர்கள் எல்லாம் பெயரை ஊர் மறக்கட்டும் என்று அடக்கமாக வளர்ந்தார்கள். ஜாங்கில் மட்டும் வைத்த பெயருக்கு வஞ்சனை செய்யக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்துவிட்டாள்.

அவளைக் கட்டிக்கொண்ட கோசுபெக் நல்லவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஒரே ஒரு குறை, காலில் சக்கரம். கோடையில் மேட்டு மேய்ச்சலுக்கு ஏறிவிட்டால் அவனை ஓரிடத்தில் உட்கார வைக்க ஆண்டவனால்கூட ஆகாது. மற்றவர்கள் ஒரு கோடைக்கு இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று தடவை ஆட்டுக் கிடையை மாற்றுவார்கள். கோசுபெக் பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றுவான். காலையில் எழுந்து கிடையைச் சுற்றி நடப்பான், குனிந்து புல்லைத் தடவிப் பார்ப்பான், திரும்பி வந்து, "புல்லு களைச்சுப்போச்சு" என்பான்.

"நானுந்தான் களைச்சுப்போயிட்டேன். என்னை எங்க மாத்தப்போறே?" என்பாள் ஜாங்கில்.

அவன் சிரித்துக்கொண்டே குதிரைக்குச் சேணம் போடப் போய்விடுவான். கூடாரம் பிரிப்பது அங்கே பெண்களின் வேலை. கம்பளியை அவிழ்த்து உருட்ட வேண்டும். கூரைக் கழிகளைக் கற்றை கட்ட வேண்டும். அடுப்பு, அண்டா, குதிரைப்பால் கிமிஸாகப் புளிக்கிற தோல்பை, படுக்கை மூட்டை, உலர்தயிர் காய்கிற பாய் எல்லாவற்றையும் குதிரைகளில் ஏற்ற வேண்டும். ஆண் குதிரைமேல் உட்கார்ந்து திசை காட்டுவான். அரை நாள் நடந்தால் புது இடம் வரும். அங்கே நின்று பார்த்தால் பழைய இடம் கண்ணுக்குத் தெரியும், அதே ஆறு ஓடும், அதே காற்று அடிக்கும். இப்படி முப்பது கோடை. அவள் பெற்றது ஒரே மகன். அவனும் பிழைப்புத் தேடி மாஸ்கோ போய் டாக்சி ஓட்டுகிறான். அப்பன் வித்து, வேறு என்ன செய்வான்.

ஒரு குளிர்காலத்தில் கோசுபெக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தான். ஒப்பாரியில் கணவனின் குதிரையை, கொடையை, குணத்தைப் புகழ வேண்டும் என்பது முறை. ஜாங்கிலும் குதிரையைப் புகழ்ந்தாள். கொடையையும் கொஞ்சம் கூட்டிப் புகழ்ந்தாள். பிறகு அதே ராகத்தில், "நீ போன இடத்தில் கிடை மாத்த வேலையில்லை, நீ இல்லாத இடத்தில் நானும் இனி மாத்த மாட்டேன்" என்று பாடி வைத்தாள். சுற்றி இருந்த பெண்கள் அழுகையைப் பாதியில் நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நிதானமாகத்தான் பாடினாள்.

அடுத்த கோடையில் மேலே ஏறி, ஆறு திரும்புகிற வளைவில் கூடாரம் போட்டாள். போட்டது போட்டபடி எட்டுக் கோடை அங்கேயே ஏறினாள், அங்கேயே இருந்தாள். கல்லடுக்கி நிரந்தர அடுப்பு கட்டினாள். வாசலில் பலகை போட்டு உட்காரவும் சாயவும் வசதி பண்ணிக்கொண்டாள். வெங்காயம் நட்டாள். காலையில் பால் விட்ட டீயோடு அந்தப் பலகையில் உட்காரும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. கண் திறந்தால் நேற்றுப் பார்த்த அதே மலை. கை நீட்டினால் நேற்று வைத்த இடத்தில் அதே கரண்டி. ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்பாள்.

ஆடுகளுக்குத்தான் வேறு வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் ராத்திரி ராத்திரியாக அடைத்ததில் கிடையில் புழுக்கை முழங்கால் உயரம் ஏறியது. ஓரங்களில், தொட்டால் அரிப்பெடுக்கிற காஞ்சொறி முளைத்தது, பிறகு நடுவிலும் முளைத்தது, அப்புறம் இடுப்பளவு வளர்ந்து ஆற்றங்கரைவரை இறங்கியது. ஆடு அதில் வாய் வைக்காது. நல்ல புல்லைத் தேடி மேட்டைத் தாண்டி நடந்து, தின்றதை எல்லாம் நடையிலேயே செலவழித்துவிட்டுச் சாயங்காலம் இளைத்துப்போய்த் திரும்பும். ஜாங்கிலுக்கு இது தெரியாமல் இல்லை. யாராவது கேட்டால், "காஞ்சொறி சூப்பு வாயுவுக்கு நல்லது" என்று சொல்லி, கேட்டவருக்கு ஒரு கிண்ணம் ஊற்றியும் கொடுத்துவிடுவாள்.

இந்த விஷயத்தில் அதிகம் சங்கடப்பட்டவன் கோசுபெக்கின் தம்பி ஒமுர்சக். அவன் மேய்ச்சல் கமிட்டித் தலைவன். ஊரில் யார் எங்கே மேய்ப்பது, எப்போது கிடை மாற்றுவது என்பதெல்லாம் அவன் சொல்படி நடக்க வேண்டும். புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வந்த புதிதில் அவளே ஆளுக்கொரு பெயர் வைத்துக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். நல்ல மருமகள்கள் 'சின்ன ராஜா', 'வீட்டு விளக்கு' என்று வைப்பார்கள். ஜாங்கில் வந்து இறங்கியபோது ஒமுர்சக்குக்குச் சளி பிடித்திருந்தது. அவள் 'மூக்கொழுகி' என்று வைத்துவிட்டாள். அவன் படித்து, மீசை வைத்து, தலைவனாகி, வயிறும் வைத்த பிறகும் வழக்கத்தை மாற்ற முடியாது அல்லவா.

எட்டாவது கோடையின் நடுவில் ஒமுர்சக் குதிரையில் வந்தான். காஞ்சொறி குதிரையின் வயிற்றில் பட்டு அது துள்ளியது.

"அண்ணி, இந்த வருஷமாச்சும் மாத்திருங்க."

"எதை?"

"கிடையைத்தான். வேற எதை?"

"உங்கண்ணன் போனதுக்கப்புறம் மாத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல தம்பி. இறங்கு, டீ குடி."

அவன் இறங்கவில்லை. "நான் யாரைப் போயி மாத்துன்னு சொன்னாலும் ஒரே பதில்தான் அண்ணி. 'மொதல்ல உங்க அண்ணி அசையட்டும், அப்புறம் நாங்க அசையறோம்'ங்கறான். பள்ளத்தாக்கு பூரா காஞ்சொறியாப் போயிட்டிருக்கு. நான் தலைவரா இருந்து என்ன பிரயோஜனம்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கறேன்."

ஒமுர்சக் மீசையைத் தடவி ஆத்திரத்தை அடக்கினான். "அவுலியா படையல் அன்னிக்குக் கூட்டம் வச்சிருக்கேன். அன்னிக்குள்ள மாத்தலேன்னா, வர்ற வருஷம் உங்களுக்கு மேல இடம் கிடையாது. ரோட்டோர மேய்ச்சல்தான். லாரிப் புகையைப் பாத்துக்கிட்டு உக்காருங்க."

சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஜாங்கில் டீயைத் தானே குடித்தாள். ரோட்டோர மேய்ச்சலில் கூடாரம் போட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். புழுதி தின்ற ஆடுகள், டயர்ச் சத்தம், வந்து போகிறவன் எல்லாம் படமெடுத்துவிட்டுப் போவான். அதைவிடச் செத்துப்போன கோசுபெக் பின்னால் நடப்பது மேல்.

அவுலியா பச்சை என்ற புனிதப் புல்வெளி அவளுடைய வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுற்றிலும் கோடைக் கடைசியில் மலை முழுக்கப் பழுத்து மஞ்சளாகிவிடும். அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் பனி விழும்வரை கொழுகொழுவென்று பச்சையாக நிற்கும். தாகத்தோடு வந்த ஒரு மகான், அந்த அவுலியா, அங்கே மண்டியிட்டுத் தொழுதாராம், அவர் நெற்றி பட்ட இடத்தில் புல் எழும்பியதாம். பக்கத்திலிருந்த ஊசியிலை மரமான ஒற்றை ஆர்ச்சா தெரியாத அளவுக்கு வேண்டுதல் துணி கட்டியிருந்தார்கள். அங்கே ஆடு மேய்க்கக்கூடாது. அதைக் கட்டிக் காத்து வந்தவர் தூர்துகுல் பெரியவர். கால் வீங்கிய, சாதுவான மனிதர். ஊரில் ஜாங்கிலோடு சண்டை போடாத ஒரே ஆள் அவர்தான்.

அந்தக் கோடை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பெர்மெத் என்று ஒரு பெண் மண்ணை ஆராய வந்திருந்தாள். பச்சையின் ஓரத்தில் ஒரு குழி தோண்டிக்கொள்ளட்டும் என்று ஒமுர்சக்தான் அனுமதி கொடுத்தான். அவுலியாவின் வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒரு பலகை நட்டு, சுற்றுலா ஆட்களை வரவழைக்கலாம் என்று அவன் கணக்கு. பெர்மெத்துக்குச் சமைக்கத் தெரியாது. மூன்றாம் நாளே ஜாங்கிலின் அடுப்பைத் தேடி வந்துவிட்டாள். எண்ணெயில் பொரித்த பூர்சோக்கைக் கிமிஸில் முக்கிச் சாப்பிடும்போதும் நகத்தில் மண் இருக்கும்.

"அக்கா, நாளைக்கு குழியைப் பாக்க வாங்களேன்" என்று ஒருநாள் கூப்பிட்டாள்.

ஜாங்கில் போனாள். இடுப்பளவு குழி. பக்கச் சுவரில் மண் வரிவரியாகத் தெரிந்தது. அடியில் வெளிறிய மண், அதற்குமேல் மெல்லிய கரிக்கோடு, அதற்குமேல் கறுப்பும் பழுப்புமாகக் கனத்த அடுக்கு. பெர்மெத் அந்த அடுக்கிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து நீட்டினாள்.

"என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

ஜாங்கில் உடைத்தாள், மோந்தாள். "புழுக்கை."

"ஆமா. ஆட்டுப் புழுக்கை. நாலாயிரம் வருஷத்துப் பழசு."

"நாலாயிரமா? பாத்தா என் மாமியா விட்டுட்டுப் போனது மாதிரி இருக்கு."

பெர்மெத் குழியின் அடியைக் காட்டினாள். "இங்க ஆதியில புல்லே கிடையாது அக்கா. ஆர்ச்சாப் புதரும் பாசியும்தான். இந்தக் கரி இருக்கு பாருங்க, யாரோ வந்து புதரைக் கொளுத்தியிருக்காங்க. அப்புறம் ஆட்டைக் கொண்டுவந்து கிடை போட்டிருக்காங்க. இந்தப் பள்ளத்தாக்குப் புல்லு எல்லாமே மனுஷனும் ஆடும் சேந்து பண்ணினதுதான். இந்த ஒரு இடத்துல மட்டும் என்ன விசேஷம்னா, அவங்க இடத்தை மாத்தவே இல்ல. வருஷக்கணக்கா இதே இடம். அந்த எருவைத்தான் புல்லு இன்னைக்கும் தின்னுக்கிட்டிருக்கு."

"மாத்தவே இல்லியா?"

"மாத்தவே இல்ல. இதோ அடுப்பு."

மூன்று கல். நடுவில் சாம்பல். பக்கத்தில் ஒரு சட்டியின் உடைந்த அடிப்பாகம். சாம்பலும் சட்டியும் கை நீட்டுகிற தூரத்தில் இருந்தன. ஜாங்கில் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ஊரில் அவளைப்போல ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. அக்காமார் மூவரும் அவளை வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டார்கள். இப்போது முதல்முறையாகச் சொந்தக்காரி கிடைத்த மாதிரி இருந்தது.

"பொம்பளைதானே?" என்றாள்.

"யாரு?"

"அசையாதவ."

"அதெல்லாம் புழுக்கையில தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியுது. ஆம்பளையா இருந்தா இதுக்குள்ள நாலு இடம் மாத்தியிருப்பான். சரி, இவளுக்கும் காஞ்சொறி வந்திருக்குமா?"

"கண்டிப்பா. மொதல்ல காஞ்சொறிதான். ரொம்ப காலம் கழிச்சுத்தான் இந்தப் புல்லு."

"ரொம்ப காலம்னா?"

"நூறு வருஷம், இருநூறு வருஷம். சரியாச் சொல்ல முடியாது."

"பரவால்ல. எனக்கென்ன அவசரம்" என்றாள் ஜாங்கில்.

படையல் அன்று எல்லாக் கூடாரங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பச்சையின் ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆடு அறுத்து அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. தூர்துகுல் பெரியவர் கையேந்தி ஓதி முடித்தார். ஒமுர்சக் எழுந்து, நகரத்திலிருந்து வந்த விஞ்ஞானி இப்போது நம் அவுலியாவின் பெருமையைச் சொல்வார் என்று நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தான். அவளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. பெர்மெத்துக்கும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டாள்.

முன்வரிசையில் ஒருவர் தான் நெற்றியை வைத்த புல்லைச் சந்தேகமாகப் பார்த்தார். அதைப் பார்த்ததும் ஜாங்கிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்கிப் பழக்கமில்லாததால் முடியவில்லை.

"இத்தனை வருஷமா ஆட்டுப் புழுக்கைக்கா துணி கட்டிட்டிருக்கோம்? நல்லாக் கேட்டுக்கங்க. ஒருத்தி அன்னிக்கு அசைய மாட்டேன்னு உக்காந்தா. அவளையும் யாரோ ஒரு மூக்கொழுகி வந்து மாத்து மாத்துன்னுதான் சொல்லியிருப்பான். அவ கேட்டிருந்தா உங்களுக்கு அவுலியா ஏது? என்னையும் விட்டு வைங்க. இன்னும் நாலாயிரம் வருஷத்துல என் கிடைக்கும் வந்து மண்டி போடுவீங்க."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒமுர்சக்கின் மனைவிகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தவன் எவனும் இனிமேல் அவளை ரோட்டோரத்துக்கு அனுப்பக் கை தூக்க மாட்டான் என்று ஜாங்கிலுக்குத் தெரிந்துபோயிற்று. பலகையும் அடுப்பும் வெங்காயமும் அவளுடையதுதான்.

அப்போது எசென் என்ற மேய்ப்பன், பல் குத்திக்கொண்டே, மெதுவாகக் கேட்டான். "அப்ப அவுலியா இல்லேன்னா, இந்தப் புல்லு சும்மாதானே நிக்குது?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் திரும்பிப் பச்சையைப் பார்த்தார்கள். இத்தனை காலமாகக் கண்ணில் பட்டும் பார்க்காத புல்லை, இப்போது மேய்ப்பர்களாகப் பார்த்தார்கள். முழங்கால் உயரம். காலை வைத்தால் அமுங்கும். காஞ்சொறிக்கு நடுவில் இளைத்துப்போன ஆடுகள் எல்லாருடைய கிடையிலும்தான் இருந்தன.

ஒமுர்சக் கணக்குப் போட்டு முடித்துவிட்டான். "அண்ணி சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றான். "நீங்க இருக்கற இடத்துலயே இருங்க அண்ணி. யாரும் எங்கயும் மாத்த வேணாம். நாளைக்குக் காலையில எல்லாரும் ஆட்டை இங்க ஓட்டிட்டு வாங்க."

இப்படி ஒரு கொழுந்தன் ஒரே மூச்சில் அண்ணி பக்கம் சாய்ந்ததைப் பள்ளத்தாக்கு அதற்குமுன் கண்டதில்லை. ஆட்கள் எழுந்து புல்லுக்குள் நடந்து, இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு என்று கை காட்ட ஆரம்பித்தார்கள். தூர்துகுல் பெரியவர் மட்டும் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"பேசி முடிச்சிட்டியா ஜாங்கில்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் குழியைப் பார்த்தாள். எசென் அதன் விளிம்பில் நின்று, இதை மூடிவிட்டால் குட்டிகள் விழாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். நாளைச் சாயங்காலத்துக்குள் அத்தனை குளம்புகளும் இறங்கிவிடும். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து சேர்த்ததை மூக்கொழுகியின் ஆடுகள் மூன்று நாளில் தின்று தீர்த்துவிட்டு, மேலும் புழுக்கை போட்டுவிட்டுப் போகும். அடுத்த வருஷம் இங்கேயும் காஞ்சொறி. ஜாங்கிலுக்கு வயிறு எரிந்தது. அவுலியாவுக்காக அவள் எரியவில்லை. தன் வாயால் கெட்டுப்போகிற அந்த அடுப்புக்காரிக்காக எரிந்தாள்.

"மூக்கொழுகித் தம்பி" என்று கூப்பிட்டாள். "நான் கிடையை மாத்தறேன்."

ஒமுர்சக் காதில் விழாத மாதிரி பார்த்தான்.

"நாளைக்கே மாத்தறேன். பச்சையில ஒரு குட்டிகூட வாய் வைக்கக்கூடாது. அப்படின்னா மாத்தறேன்."

"இப்ப எதுக்கு அண்ணி? அதான் நீங்க ஜெயிச்சிட்டீங்களே."

"ஜெயிச்சதை வச்சுக்கிட்டு நீ மூணு நாளைக்கு மேய்ப்பே. நாலாவது நாளு? யாரும் மாத்த வேணாம்னு உன் வாயாலயே சொல்லிட்டே. இனிமே எவன் உன் பேச்சைக் கேப்பான்? என்னைக் காட்டித்தானே இத்தனை பேரும் உக்காந்திருந்தான். நான் எந்திரிச்சா, உக்காந்திருக்கறதுக்கு எவனுக்கும் சாக்கு கிடையாது. யோசிச்சுக்க. அசையற அண்ணி வேணுமா, மூணு நாள் புல்லு வேணுமா?"

எசென் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உன் கிடையில காஞ்சொறி உன் தோளைத் தொடுதுடா எசென், நீ பேசாதே" என்றாள்.

ஒமுர்சக் புல்லைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். எட்டு வருஷமாக அவன் வார்த்தை ஒன்றைக்கூட யாரும் மதிக்காததற்குக் காரணமானவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துவீங்க?" என்றான் கடைசியில்.

ஜாங்கில் தன் கூடாரம் இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "உங்கண்ணன் மாத்தின மாதிரி" என்றாள்.

மறுநாள் கூடாரத்தைப் பிரிக்க அரை நாள் ஆயிற்று. கம்பளியின் அடி ஓரம் மண்ணோடு ஒட்டி மக்கிப்போயிருந்தது. இழுத்ததும் வட்டமாக வெளிறிய தடம் தெரிந்தது. கல்லடுப்பை எடுத்துப்போக முடியாது, விட்டுவிட்டாள். பலகையைக் குதிரையில் ஏற்றும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே கோசுபெக்கை வாய்க்கு வந்தபடி திட்டினாள். உதவிக்கு வந்த பெர்மெத், திட்டுகளில் பாதி தான் இதுவரை கேள்விப்படாதது என்று பிறகு சொன்னாள்.

புது இடத்தில் ஆடுகள் தலை குனிந்தவை சாயங்காலம்வரை நிமிரவில்லை. எங்கும் நடந்து போகவும் இல்லை. நின்ற இடத்திலேயே தின்று, வயிறு உப்பி, அசைபோட்டன. ஜாங்கில் பலகையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். முப்பது வருஷமும் அவன் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இடம் மாறியதைவிட இதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவள் எழுந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எசென் கடைசியாக எழுந்தான். பச்சையில் யாரும் மேய்க்கவில்லை. குழியைப் பெர்மெத் மண் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போனாள். ஆர்ச்சா மரத்தில் துணி குறையும் என்று ஒமுர்சக் பயந்தான், கூடித்தான் போயிற்று. புதிதாகக் கல்யாணமான பெண்கள் வந்து, என் புருஷன் அடிக்கடி கிடை மாற்றக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டிவிட்டுப் போகிறார்கள். தூர்துகுல் பெரியவருக்கு இதில் ஒன்றும் ஆட்சேபம் இல்லை. கேட்கிறவளுக்குக் கொடுக்கிறவள் யாராக இருந்தால் என்ன என்கிறார்.

ஜாங்கில் துணி கட்டுவதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை மூட்டை ஏற்றிய குதிரைகளை இழுத்துக்கொண்டு அந்த வழியாகப் போவாள். பச்சையின் ஓரத்தில் நிற்பாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். குழி இருந்த இடத்தைப் பார்த்து, "நல்லா உக்காந்திருக்கேடி" என்பாள். "நீ உக்காந்திருக்கணும்னு நான் நடக்கறேன்."